காட்டில் ஓட ஒரு ஜெர்சி

ஜூன் மாதம். சனிக்கிழமை இரவு மணி 11. பின்லாந்தில் ஒரு காட்டை ஒட்டிய வெட்டவெளியில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நெருக்கியடித்து நிற்கிறார்கள். எல்லார் நெற்றியிலும் விளக்கு. புறப்படச் சொல்லிச் சைகை கிடைத்ததும் அத்தனை பேரும் இருண்ட மரங்களுக்குள் பாய்கிறார்கள். இப்படிப் போ, அப்படித் திரும்பு என்று சொல்ல அம்புக்குறி எதுவும் கிடையாது. கையில் ஒரு வரைபடம், ஒரு திசைகாட்டி, அவ்வளவுதான். மறுநாள் வெயில் ஏறும்வரை ஓட்டம் நீள்கிறது.

இந்தத் தொடரோட்டத்துக்கு யுகோலா என்று பெயர். 1949 முதல் நடக்கிறது. ஓர் அணிக்கு 7 பேர். அலெக்சிஸ் கிவி 1870இல் எழுதிய 'ஏழு சகோதரர்கள்' என்ற புகழ்பெற்ற பின்லாந்து நாவலில், ஊரோடு ஒத்துப்போகாமல் காட்டுக்குள் குடியேறிய ஏழு அண்ணன் தம்பிகள் வருகிறார்கள். அவர்கள் பிறந்த வீட்டின் பெயர்தான் யுகோலா. அதனால்தான் அணிக்கு ஏழு பேர்.

விளையாட்டின் பெயர் ஓரியன்டியரிங். வரைபடத்தில் ஊதா வட்டம் போட்டுக் காட்டிய இடங்களை வரிசை மாறாமல் தேடிப் பிடிக்க வேண்டும். அந்த இடம் ஒரு பாறையின் பின்புறமாக இருக்கலாம், ஓடை திரும்பும் முனையாக இருக்கலாம். அங்கே ஆரஞ்சும் வெள்ளையுமாக ஒரு துணி தொங்கும். அதைக் 'கன்ட்ரோல்' என்பார்கள். ஓட்டக்காரர் தன்னிடமுள்ள சிப்பை அங்கிருக்கும் மின்னணுக் கருவியில் பதித்துவிட்டு அடுத்ததை நோக்கி ஓடுவார். எந்த வழியாகப் போவது என்பது அவரவர் மூளையைப் பொறுத்தது. 1897 அக்டோபர் 31 அன்று நார்வேயில், ஆஸ்லோவுக்கு அருகே, பொதுமக்களுக்கான முதல் போட்டி நடந்தபோது ஓடியவர்கள் வெறும் 8 பேர். 1961இல் 10 நாடுகள் கூடிக் கோபன்ஹேகனில் சர்வதேசக் கூட்டமைப்பைத் தொடங்கின. இன்று ஐரோப்பாவின் வடக்கே ஊருக்கு ஊர் ஓரியன்டியரிங் கிளப் உண்டு. ஒவ்வொரு கிளப்புக்கும் தனி ஜெர்சி உண்டு.

அப்படி ஒரு கிளப் உங்களைக் கூப்பிட்டு, "எங்களுக்கு அழகான, காட்டில் ஓடத் தோதான ஒரு ஜெர்சி வரைந்து கொடுங்கள்" என்று கேட்டால் எங்கிருந்து தொடங்குவீர்கள்?

பெரும்பாலானோர் வெள்ளைத் தாளையும் வண்ணப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். நான் வேறு வழி சொல்கிறேன். முதலில் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த ஜெர்சியை யார், எவ்வளவு தூரத்திலிருந்து, எந்த வெளிச்சத்தில் பார்க்கப் போகிறார்கள்? யுகோலாவில் ஓர் ஓட்டக்காரர் தன் பகுதியை முடித்துவிட்டு வந்து, அடுத்தவருக்கான வரைபடத்தை எடுத்து அவர் கையில் கொடுக்க வேண்டும். அடுத்தவர் வேலிக்கு அந்தப் பக்கம் நூற்றுக்கணக்கானவர்களோடு நின்று, காட்டிலிருந்து வெளிப்படும் ஒவ்வோர் உருவத்தையும் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஓடி வருபவரின் முகம் தெரியாது. முகத்துக்கு முன்னால் தெரிவது நிறம்.

அதனால் நிறத்தில் தொடங்குவோம். பச்சை வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். காட்டில் பச்சைச் சட்டை போட்டவரைக் கண்டுபிடிப்பது கஷ்டம். ஆரஞ்சும் வெள்ளையும் கலந்த ஜெர்சியும் வேண்டாம். கன்ட்ரோல் துணியின் அளவு 30 செ.மீ. நீளம், 30 செ.மீ. உயரம், மூலைக்கு மூலை கோடு கிழித்தது மாதிரி ஒரு பாதி வெள்ளை, மறு பாதி ஆரஞ்சு. ஏறத்தாழ உங்கள் முதுகின் அளவுதான். மரங்களுக்கு நடுவே அந்த நிறத்தைக் கண்டதும் கன்ட்ரோல் என்று நினைத்து ஒருவர் வழிமாறி ஓடி வந்தால், அது அவருக்குச் செய்யும் அநியாயம்.

சரி, சிவப்பு? பச்சைக் காட்டில் சிவப்பு பளிச்சென்று தெரியாதா? வெட்டவெளியில், நல்ல வெயிலில், நிச்சயம் தெரியும். காட்டுக்குள் போனால் கதை மாறுகிறது. இலையில் இருக்கும் பச்சையம் சூரிய ஒளியின் சிவப்பையும் நீலத்தையும் உறிஞ்சிக்கொள்கிறது; பச்சையைத்தான் அதிகமாகத் தப்பவிடுகிறது. அடர்ந்த மரங்களின் அடியில் வந்து விழும் வெளிச்சத்தில் சிவப்பு குறைவு. சிவப்புத் துணி சிவப்பாகத் தெரிய வேண்டுமானால் அதன்மேல் சிவப்பு ஒளி விழுந்து திரும்ப வேண்டும் அல்லவா? விழுவதே குறைவென்றால் துணி மங்கித்தான் தெரியும்.

அந்தி நேரத்தில் இன்னொரு சிக்கல் சேர்ந்துகொள்கிறது. இது வெளிச்சத்தில் இல்லை, நம் கண்ணுக்குள் இருக்கிறது. செக் நாட்டு அறிஞர் யான் பூர்க்கின்யே 1819இல் இதைக் கவனித்தார். பகலில் பளபளவென்றிருந்த சிவப்புப் பூக்கள் விடியலின் மங்கல் ஒளியில் கறுத்துத் தெரிந்தன. அதே செடியின் இலைகள் பூவைவிட வெளிச்சமாக இருந்தன. காரணம் இதுதான். நம் விழித்திரையில் ஒளியை உணர முக்கியமாக இரண்டு வகைச் செல்கள் உள்ளன. பகலில் வேலை செய்பவை கூம்புச் செல்கள். நிறம் காண்பவை அவையே. இருட்டத் தொடங்கியதும் குச்சிச் செல்கள் பொறுப்பேற்கின்றன. பகல் பார்வைக்கு மிக எடுப்பாகத் தெரிவது 555 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட மஞ்சள் கலந்த பச்சை. குச்சிச் செல்களுக்கோ 507 நானோமீட்டர், அதாவது நீலம் கலந்த பச்சை. சிவப்பு ஒளி குச்சிச் செல்களுக்குக் கிட்டத்தட்டத் தெரிவதே இல்லை. ஜூன் மாதத்தில் பின்லாந்தின் தெற்கே இரவு முழுக்க அந்திதான். சூரியன் அடிவானத்துக்குச் சற்றுக் கீழே இறங்கி ஒளிந்துவிட்டுத் திரும்ப வந்துவிடும். அந்த வெளிச்சத்தில் ரத்தச் சிவப்பு ஜெர்சி மரத்தண்டின் நிழலோடு நிழலாகிவிடும். வெளிர்நீலம் எடுத்துக்காட்டும்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. சிவப்பையும் பச்சையையும் பிரித்துக் காண முடியாத கண்கள் உலகில் ஏராளம். ஐரோப்பிய ஆண்களில் 12 பேருக்கு ஒருவர் அப்படி. ஜெர்சிக்காகக் காத்து நிற்கும் அந்த அடுத்த ஓட்டக்காரர் அவர்களில் ஒருவராகவும் இருக்கலாம். அவருக்கு உதவுவது நிற வேறுபாடு அல்ல, வெளிச்ச வேறுபாடு: ஒன்று நன்றாக வெளிர்ந்ததாக, அதன் பக்கத்தில் ஒன்று நன்றாக அடர்ந்ததாக இருக்க வேண்டும். இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. நீங்கள் வரைந்த ஜெர்சியை மரம் செடிகளுக்கு முன்னால் பிடித்து, கைப்பேசியில் கறுப்பு வெள்ளைப் படமாக எடுங்கள். படத்தில் ஜெர்சி காணாமல் போனால் அந்த நிறங்களை மாற்றிவிடுங்கள். எவ்வளவு ஆசைப்பட்டுத் தேர்ந்திருந்தாலும் மாற்றிவிடுங்கள்.

காடு எப்போதும் ஒரே நிறத்தில் இருப்பதும் இல்லை. வடக்கே இலையுதிர் காலத்தில் பிர்ச் மரங்கள் முழுக்க மஞ்சளாகிவிடும். மே மாதத்தில் தீப்பொறி மாதிரித் தெரிந்த மஞ்சள் ஜெர்சி, அக்டோபரில் அந்த இலைகளோடு ஒன்றிப்போகும். எந்தப் பருவத்திலும் காட்டில் பெரிய பரப்பாக அரிதாகத் தென்படும் நிறங்களும் உண்டு: வெளிர்நீலம், அழுத்தமான இளஞ்சிவப்பு, கத்தரிப்பூ நிறம். என்னைக் கேட்டால் வெளிர்நீலத்தோடு மிக அடர்ந்த கருநீலத்தைச் சேர்ப்பேன். அந்தியிலும் நிற்கும், கறுப்பு வெள்ளைப் படத்திலும் நிற்கும்.

சாலைப் பணியாளர்கள் அணியும் ஒளிரும் மஞ்சள் மேல்சட்டையைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சாயம் சாதாரணச் சாயம் அல்ல. நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியையும், கண்ணுக்கு அவ்வளவாக உறைக்காத நீல ஒளியையும் விழுங்கி, அவற்றின் ஆற்றலை மஞ்சள் பச்சையாக மாற்றி வெளியே விடுகிறது. அதன்மேல் விழும் மஞ்சள் ஒளியைவிட அதிக மஞ்சள் ஒளி அதிலிருந்து வருவதால்தான் துணிக்குள் விளக்கு எரிவது போலிருக்கிறது. மேகமூட்டமான நாளில் இது இன்னும் எடுப்பாக இருக்கும். ஆனால் அடர்ந்த மரங்களின் கீழே அதற்குத் தீனி குறைவு. புற ஊதாவையும் நீலத்தையும் மேலே இருக்கும் இலைகளே சாப்பிட்டுவிடுகின்றன. காட்டிலிருந்து வெளியே வரும் அந்தக் கணத்தில்தான் பளீரென்று எரியும். ஆள் மாறும் இடத்துக்கு அது போதும். ஆகவே தோள்பட்டையில் ஒரு பட்டையாக வைக்கலாம்.

இப்போது எழுத்து. கிளப்பின் பெயரை எவ்வளவு பெரிதாக எழுதுவது? இதைக் கணக்குப் போட்டே கண்டுபிடிக்கலாம். கண் மருத்துவரிடம் போனால் சுவரில் எழுத்துப் பலகை இருக்கும். அதில் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் பெரிய எழுத்து சாதாரணமாக ஏறத்தாழ 9 செ.மீ. உயரம். குறையில்லாத கண் அதை 60 மீட்டர் தூரத்திலிருந்து படிக்கும். அந்தப் பலகை அப்படித்தான் அளவெடுத்துச் செய்யப்படுகிறது. அப்படியானால் 3 செ.மீ. எழுத்தை 20 மீட்டர் வரைதான் படிக்க முடியும். அதுவும் நின்று நிதானமாகப் பார்த்தால். ஆள் ஓடுகிறார், துணி ஆடுகிறது, வியர்வையில் சுருங்கி ஒட்டியிருக்கிறது. பாதித் தூரம் கிடைத்தால் பெரிது.

கோடுகளுக்கும் இதே கணக்குத்தான். ஒரு செ.மீ. அகலமுள்ள சிவப்பு வெள்ளைக் கோடுகளை மாற்றி மாற்றிப் போட்டால் கையில் பிடித்துப் பார்க்க அழகு. சுமார் 35 மீட்டர் தள்ளிப் போனதும் கண் அவற்றைப் பிரித்துக் காணும் திறனை இழக்கிறது. சிவப்பும் வெள்ளையும் கலந்து வெறும் இளஞ்சிவப்புத்தான் தெரியும். வேலிக்கு அந்தப் பக்கம் நிற்பவர் சிவப்பு வெள்ளையைத் தேடிக்கொண்டிருப்பார், வருவதோ இளஞ்சிவப்பு. ஆகவே தூரத்துக்கென்று பெரிய நிறப் பரப்புகள் இரண்டோ மூன்றோ போதும். நுணுக்கமான அலங்காரம் எல்லாம் பக்கத்தில் வந்து பேசுபவர்களுக்காக.

அந்தப் பெரிய பரப்பை மார்பில் வைக்கலாம் என்று நினைக்கிறீர்களா? பொறுங்கள். போட்டியில் ஓட்டக்காரரின் மார்பில் எண் அட்டை குத்தியிருப்பார்கள். சர்வதேச விதிப்படி அது 25 செ.மீ. நீளம், 25 செ.மீ. அகலம் வரை இருக்கலாம். அதிலுள்ள எண்கள் குறைந்தது 10 செ.மீ. உயரம் இருக்க வேண்டும். (எழுத்துப் பலகைக் கணக்கை நினைத்துப் பாருங்கள், இந்த 10 செ.மீ. எதற்கு என்று விளங்கும்.) ஒரு சிறுவனின் ஜெர்சியில் மார்பு அகலம் 40 செ.மீ.தான் இருக்கும். நடுவில் 25ஐ எண் அட்டை எடுத்துக்கொண்டால் மிச்சம் பக்கத்துக்கு ஏழரை. நாள்கணக்கில் உட்கார்ந்து வரைந்த சின்னம் போட்டியன்று நான்கு ஊக்குகளுக்கு அடியில் கிடக்கும். அனுபவமுள்ளவர்கள் பெயரைத் தோளுக்கு அருகில் ஏற்றிவிடுவார்கள். முதுகுக்கும் கைகளுக்கும் நிறத்தைக் கொடுத்துவிடுவார்கள். ஓடும்போது முன்னும் பின்னும் வீசும் கைகள் எந்தப் பக்கத்திலிருந்தும் தெரியும்.

பக்கத்தில் வந்து பார்ப்பவர்களுக்கான அலங்காரம் என்றேனே, அதில் ஓரியன்டியரிங் கிளப்புகளுக்கு மிகப் பிடித்தது சமஉயரக் கோடுகள். அவர்களுடைய வரைபடத்தைப் பார்த்தால் ஏன் என்று தெரியும். அதில் காட்டுக்குப் பச்சை நிறம் கிடையாது! தடையில்லாமல் ஓடக்கூடிய காட்டை வெள்ளையாகவே விட்டுவிடுவார்கள். புதர் மண்டி ஓட்டத்தை மறிக்கும் இடங்களுக்குத்தான் பச்சை. எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு அழுத்தமான பச்சை. திறந்தவெளி மஞ்சள், நீர் நீலம், பாறையும் கட்டடமும் கறுப்பு. இவற்றுக்கெல்லாம் மேலாக, தாள் முழுக்கப் பழுப்பு நிறத்தில் மெல்லிய வளைகோடுகள் ஓடும். ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களை இணைக்கும் கோடு ஒன்று. அடுத்த கோடு பெரும்பாலும் அதைவிட 5 மீட்டர் மேலே அல்லது கீழே. கோடுகள் நெருங்கினால் செங்குத்து. விலகினால் சமம். சின்னதாக ஒரு வளையம் மூடிக்கொண்டால் அது குன்றின் உச்சி.

இதை ஜெர்சியில் வரைவதானால் ஒழுங்காக வரையுங்கள். இரண்டு சமஉயரக் கோடுகள் ஒன்றையொன்று வெட்டக் கூடாது. வெட்டினால் ஒரே இடம் 100 மீட்டரிலும் 105 மீட்டரிலும் இருப்பதாகப் பொருளாகும். கோடு நடுவில் அறுந்து தொங்கவும் கூடாது. வரைபடம் படித்தே வாழ்பவர்கள் இந்த ஜெர்சியைப் போடப் போகிறார்கள். அவர்கள் கண்ணில் தப்பு உடனே படும். அலைஅலையாக ஏதோ கிறுக்குவதைவிட, கிளப் பயிற்சி எடுக்கும் காட்டின் உண்மையான குன்று ஒன்றின் கோடுகளை எடுத்துப் போடுவது எவ்வளவு நன்றாயிருக்கும்! "இதோ, இந்தச் சரிவில்தான் நான் விழுந்தேன்" என்று முழங்கைக்குப் பக்கத்தில் விரல் வைத்துக் காட்டலாம். கோடுகள் மெல்லியவை, தூரத்தில் மறைந்து நிறத்தோடு கலந்துவிடும். அதனால் தொல்லை இல்லை.

நிறமும் கோடும் முடிந்தன. துணியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஓடும்போது தசைகள் செலவழிக்கும் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு வெப்பமாகவே போகிறது. உடம்பு அதை வெளியேற்றும் முக்கிய வழி வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை ஆவியாக வேண்டுமானால் சுமார் 2,400 கிலோஜூல் வெப்பம் தேவை. ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிக்கும் நிலைக்குச் சூடேற்ற ஆகும் வெப்பத்தைப் போல இது எட்டு மடங்கு! அத்தனையையும் ஆவி நம் தோலிலிருந்து எடுத்துக்கொண்டு போகிறது. ஆனால் ஒரு நிபந்தனை: வியர்வை ஆவியாக வேண்டும். சொட்டிக் கீழே விழும் வியர்வையால் குளிர்ச்சி இல்லை.

பருத்தி இழைக்குத் தண்ணீர் மேல் பிரியம். 100 கிராம் உலர்ந்த பருத்தி, சாதாரணக் காற்றிலிருந்தே சுமார் 8 கிராம் ஈரத்தை இழைக்குள் இழுத்து வைத்துக்கொள்ளும். பாலியெஸ்டர் எடுத்துக்கொள்வது அரை கிராம்கூட இல்லை. நம் ஊர் வெயிலில் சும்மா நடமாடப் பருத்தியை மிஞ்ச எதுவும் கிடையாது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இரண்டு மணி நேரம் காட்டில் ஓடுகிறவருக்கு அது வியர்வையைக் குடித்துக் கனத்துத் தொங்கும். ஓட்டம் நின்றதும் இன்னும் மோசம். தண்ணீர், காற்றைவிட 20 மடங்குக்கும் அதிகமாக வெப்பத்தைக் கடத்தும். வட ஐரோப்பாவின் குளிர்காற்றில் ஈரப் பருத்தி முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தால் பல் கிடுகிடுக்கும்.

பாலியெஸ்டர் இழை தண்ணீரை உள்ளே சேர்க்காது. ஆனால் இழைக்கும் இழைக்கும் நடுவே மயிரிழை போன்ற இடைவெளிகள் இருக்கின்றன. விளக்குத் திரி எண்ணெயை மேலே இழுப்பது போல அந்த இடைவெளிகள் வியர்வையைத் தோலிலிருந்து துணியின் வெளிப்புறத்துக்கு இழுத்துப் பரப்புகின்றன. இதுதான் நீங்கள் பாடத்தில் படிக்கும் நுண்புழைச் செயல். பரப்பு கூடினால் ஆவியாவதும் வேகமாகும். சில இழைகளை வட்டமாகச் செய்யாமல், நீளவாக்கில் பள்ளங்கள் ஓடும்படி வார்க்கிறார்கள். வியர்வை அந்த வாய்க்கால் வழியே ஓடும். வீட்டிலேயே பாருங்கள். ஒரு பருத்திப் பனியனிலும் ஒரு விளையாட்டு ஜெர்சியிலும் ஒவ்வொரு சொட்டுத் தண்ணீர் விட்டு, எது எவ்வளவு அகலமாகப் பரவுகிறது, எது முதலில் காய்கிறது என்று குறித்து வையுங்கள்.

அக்குளிலும் பக்கவாட்டிலும் வலைத்துணி வைத்தால் காற்று புகும். வலையின் கண் பெரிதாக இருந்தால் முள் மாட்டிக் கிழியும், ஆகவே கைகளின் முன்புறத்தில் வலை கூடாது. நெருக்கமான பின்னல் அங்கே வேண்டும்.

கை, கால் மூடல் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 1950களில் ஸ்வீடன் ஓட்டக்காரர்கள் பலர் அரைக்கால் சட்டையோடுதான் காட்டில் ஓடினார்கள். கிளையும் முள்ளும் கீறி ரத்தம் வரும். யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. 1957க்கும் 1963க்கும் இடையே அந்த நாட்டு ஓரியன்டியரிங் வீரர்களில் 500 பேருக்கு மேல் ஒரு வகை மஞ்சள் காமாலை வந்தது. கல்லீரலைத் தாக்கும் அந்த நோய் ரத்தத்தின் மூலம் பரவக்கூடியது. ஒரே காட்டில் ஓடியவர்களுக்கு எப்படித் தொற்றியது? மருத்துவர்கள் துப்பறிந்தார்கள். முன்னால் ஓடியவரின் காலைக் கீறிய குச்சி பின்னால் வந்தவரின் காலையும் கீறுகிறது. ஓடி முடித்ததும் பலர் ஒரே தொட்டித் தண்ணீரில் காயங்களைக் கழுவுகிறார்கள். இந்த இரண்டு வழிகள் மீதும் சந்தேகம் விழுந்தது. உடம்பை மூடும் உடை கட்டாயம் என்றார்கள். ஒரே தண்ணீரில் கழுவுவதைத் தடுத்தார்கள். நோய் அடங்கியது. ஒரு விளையாட்டின் உடை விதி கொள்ளைநோய் ஒன்றை நிறுத்த உதவியிருக்கிறது! இன்றும் பல காட்டுப் போட்டிகளில் கால்களை முழுக்க மூட வேண்டும். முழங்காலுக்குக் கீழே கெட்டியான காலுறை மூடியும் போடுகிறார்கள். அதை வெளிர் நிறத்தில் தைத்தால், புல்லிலிருந்து தொற்றி ஏறும் கறுத்த உண்ணிகள் கடிப்பதற்கு முன்பே கண்ணில் படும்.

அடுத்தது அச்சு. உங்கள் வெளிர்நீலமும் குன்றின் கோடுகளும் துணியில் ஏறுவது எப்படி? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த அறிவியல் இருக்கிறது. கற்பூரம் திறந்து கிடந்தால் உருகாமலே காற்றில் கரைந்து காணாமல் போகும். திடப்பொருள் திரவமாகாமல் நேரே வாயுவாவதற்குப் பதங்கமாதல் என்று பெயர். சில சாயங்களும் சூடேறினால் பதங்கமாகும். அவற்றைக் கொண்டு உங்கள் ஓவியத்தை முதலில் ஒரு காகிதத்தில், கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலம் மாற்றி அச்சடிக்கிறார்கள். காகிதத்தை வெள்ளைப் பாலியெஸ்டர் துணிமேல் கவிழ்த்து, ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஒரு நிமிடத்துக்கு உட்பட்ட நேரம் அழுத்துகிறார்கள். சாயம் வாயுவாகிறது. அந்தச் சூட்டில் பாலியெஸ்டரின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் தளர்ந்து இடம் விடுகின்றன. வாயு உள்ளே நுழைகிறது. துணி ஆறியதும் சங்கிலிகள் மறுபடி இறுகிக்கொள்கின்றன. சாயம் உள்ளேயே சிறைப்பட்டுவிடுகிறது. தண்ணீரில் அலசினாலும் தேய்த்தாலும் போகாது. திருப்பூரிலும் இதே முறையில் விளையாட்டு ஜெர்சிகளை அச்சடிக்கிறார்கள்.

இந்த முறை ஜெர்சி வரைபவருக்குப் பல விஷயங்களைத் தீர்மானித்துவிடுகிறது. பருத்தி இந்தச் சாயத்தைப் பிடித்து வைக்காது; ஆகவே துணி பாலியெஸ்டராகத்தான் இருக்க வேண்டும். வெள்ளைச் சாயம் என்று ஒன்று இல்லை. உங்கள் ஓவியத்தில் வெள்ளை வேண்டுமானால் அந்த இடத்தைச் சும்மா விட வேண்டும், துணியின் வெள்ளையே தெரியும். கறுப்புத் துணியில் மஞ்சள் அச்சடிக்கவும் முடியாது. மறுபக்கம், இரண்டு நிறம் போட்டாலும் இருபது நிறம் போட்டாலும் வேலை ஒன்றுதான். எல்லாவற்றையும்விட முக்கியமானது இது: சாயம் இழைக்குள் போய்விடுவதால் துணியின்மேல் படலம் எதுவும் படிவதில்லை. ரப்பர் போலத் தடித்த அச்சு போட்ட டி-ஷர்ட்டை அணிந்தவர்களுக்குத் தெரியும், அந்தப் படத்துக்கு அடியில் வயிறு எப்படிப் புழுங்கும் என்று. இங்கே ஜெர்சி முழுக்கப் படம் இருந்தாலும் வியர்வை வெளியே போகும்.

ஓர் எச்சரிக்கை. நல்ல ஜெர்சியில் முன்பக்கம், பின்பக்கம், கைகள் ஆகியவற்றைத் தனித்தனித் துண்டுகளாக அச்சடித்துவிட்டுப் பிறகுதான் தைப்பார்கள். முன்பக்கத்துச் சமஉயரக் கோடும் பின்பக்கத்துக் கோடும் பக்கவாட்டுத் தையலில் அச்சாகச் சேர வேண்டும் என்று ஆசைப்பட்டால் தையற்காரர் பாடு திண்டாட்டம். எட்டு வயதுப் பிள்ளைக்கும் அவளுடைய தாத்தாவுக்கும் ஒரே படத்தைப் பல அளவுகளில் வெட்ட வேண்டும். ஓரியன்டியரிங்கில் இரண்டு பேரும் ஒரே கிளப்புக்கு ஓடுவார்கள். தையல் ஓடும் இடங்களில் வெறும் நிறத்தை விட்டுவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி.

இரவு ஓட்டத்துக்கு முதுகில் ஒரு மெல்லிய பிரதிபலிப்புப் பட்டை வைக்கலாம். அதில் பொடிப்பொடியான கண்ணாடி மணிகள் பதித்திருக்கும். மணிக்குள் நுழையும் ஒளி வளைந்து, பின்சுவரில் பட்டு, வந்த திசையிலேயே திரும்பும். பின்னால் வருபவரின் விளக்கு அவர் நெற்றியில் இருப்பதால், திரும்பும் ஒளி சரியாக அவர் கண்ணுக்கே போகிறது. பெரிய பட்டையாக வைத்தால் அவர் கண் கூசி வரைபடம் படிக்க முடியாமல் தடுமாறுவார். விரலளவு அகலம் போதும்.

முதுகுப்புறம் இடுப்புக்கு மேலே ஜிப் வைத்த ஒரு சிறு பை வேண்டும். வீட்டுச் சாவியும் ஒரு விசிலும் அதில் இருக்கும். அடிபட்டு எழ முடியாவிட்டால் விசிலை ஒரு நிமிடத்துக்குள் ஆறு முறை ஊத வேண்டும். ஒரு நிமிடம் விட்டு மறுபடி ஆறு முறை. அதைக் கேட்ட எந்த அணிக்காரரும் தன் போட்டியை விட்டுவிட்டு உதவிக்கு ஓடி வருவார். பையின் ஜிப் முனையில் ஒரு கயிற்றுத் துண்டு கட்டிவிடுங்கள், குளிரில் விறைத்த விரலாலும் இழுக்க வசதியாக.

ஜெர்சி தைத்து வந்தாயிற்று. அதோடு ஒரு சீட்டு எழுதி வைக்க வேண்டும். துவைக்கும்போது துணி மென்மையாக்கும் திரவம் ஊற்றக் கூடாது. அது இழைகளின்மேல் மெழுகு போலப் படிந்து வியர்வை ஓடும் இடைவெளிகளை அடைத்துவிடும். சூடான இஸ்திரிப் பெட்டி வைக்கவே கூடாது. பருத்தித் துணிக்கு வைக்கும் சூடு 200 டிகிரியை நெருங்கும். உள்ளே சிறைப்பட்ட சாயம் அந்தச் சூட்டில் மறுபடி வாயுவாகி வெளியேறப் பார்க்கும். உங்கள் குன்றின் கோடுகள் அம்மாவின் இஸ்திரித் துணியில் ஏறிவிடும். உதறிக் கொடியில் போட்டால் போதும், சுருக்கமில்லாமல் காய்ந்துவிடும்.